நாங்கள் முன்பே தங்கியிருந்த ஏரி

நாங்கள் அந்த ஏரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த ஏரிக்குள் நாங்கள் தங்கியிருந்தோம். கரையில் ஒரு குச்சி நடவில்லை, ஒரு கல் புரட்டவில்லை, மணலில் மான் மிதித்த தடம்கூட இல்லை. ஆனால் மேட்டுப்பாறையில் நின்று கீழே பார்த்தால், தண்ணீருக்குள் தலைகீழாக எங்கள் நான்கு குடிசைகளும், குடிசைக்கு முன்னால் கவிழ்த்துவைத்த எங்கள் நான்கு பரிசல்களும், கொடியில் வரிசையாகத் தொங்கும் கருவாடும், மேலே போகவேண்டிய அடுப்புப்புகை கீழே கீழே போய்க்கொண்டிருப்பதும் பளிச்சென்று தெரிந்தன. சென்றாயன் அண்ணன் தலையில் சுமந்த பரிசலை இறக்காமலே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுப்பு நல்ல எடமாப் பாத்துதான் போட்டிருக்கறோம், காத்து அடிக்காது" என்றார். அதற்குமேல் வாயைப் பிளந்துகொண்டு நிற்க யாருக்கும் தெம்பு இல்லை. மூன்று நாளாக மலையேறி எல்லோருக்கும் கால் வீங்கியிருந்தது.

நாங்கள் பரிசல்காரர்கள். எங்கள் ஊர் அணையில் மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள். அந்த வருஷம் அணை வற்றி, தரை வெடித்து, எப்போதோ முழுகிப்போன ஒரு கோயிலின் கோபுரம் அடிவரைக்கும் வெளியே வந்து ஆடுகள் அதன் நிழலில் படுத்தன. அதனால் நான்கு குடும்பமாகச் சேர்ந்து, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, மூக்கன்மலைக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற ஏரிகளுக்கு நாற்பது நாள் பிழைப்புக்காகப் போனோம். அங்கே ஏரிகள் நிறைய. ஆனால் தங்குவது ஒரே ஏரியில்தான். அந்த ஏரியில் குடிசை போட்டு, அடுப்பு மூட்டி, அங்கிருந்து பரிசலைத் தலையில் தூக்கிக்கொண்டு மற்ற ஏரிகளுக்குப் போய் வலை வீசிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். தங்குகிற ஏரியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நாற்பது நாளும் வீண். மீனும் கிடைக்காது, காய்ச்சலும் வந்து சேரும்.

ஏரியைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. பெரியவர்கள் எல்லோரும், ஆணும் பெண்ணும், ஏரியைத் தனித்தனியாகப் பார்ப்போம். பிடித்ததா இல்லையா என்று யாரும் யாரிடமும் பேசக்கூடாது. பிடித்தவர்கள் தங்கள் துடுப்பைக் கரையில் தண்ணீரைப் பார்க்கக் கிடத்திவிடுவார்கள். ஒரே ஒருவர் துடுப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாலும் அந்த ஏரி வேண்டாம் என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக்கூடாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அப்படித்தான் முதல் ஏரியில் சென்றாயன் அண்ணன் துடுப்பைக் கீழே வைக்காமல் நின்றார். இரண்டாவது ஏரியில் என் வீட்டுக்காரர் நின்றார். எங்களுக்கெல்லாம் மூத்தவரான பெரியதம்பி மாமா யாரையும் திட்ட முடியாத கோபத்தில் மலையைத் திட்டிக்கொண்டே நடந்தார்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, அதுதான் இந்தக் கதையில் எங்களை அந்தப் பாடு படுத்தியது. தண்ணீரில் கண்ட இடத்தைச் சொல்லலாம், பொருளைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக்கூடாது. பெயரும் சொல்லக்கூடாது. தண்ணீருக்கு முன்னால் ஒருவர் பெயரைச் சொன்னால் தண்ணீர் அந்தப் பெயரைக் கற்றுக்கொள்ளும், பிறகு அதுவே கூப்பிட ஆரம்பிக்கும் என்று எங்களுக்கு நம்பிக்கை. அதனால் கரையில் இருக்கிற வரைக்கும் அண்ணா, அக்கா, மாமா, இந்தா, இங்க பாரு என்றுதான் எங்கள் பேச்சு நடக்கும். இப்போது தண்ணீர் பக்கத்தில் இல்லை, அதனால் சொல்கிறேன்: என் பெயர் சாலம்மாள். என் மகள் பெயர் தங்காயி. அவளுக்கு மூன்றரை வயது முடிந்தும் கால் ஊன்றவில்லை.

பார்த்த ஆஸ்பத்திரிக்கும் சுற்றிய கோயிலுக்கும் குறைச்சல் இல்லை. பிள்ளை சிரிப்பாள், பேசுவாள், தவழக்கூடத் தவழ்வாள். தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் ஈரத்துணி மாதிரி மடிந்துவிடும். அந்த வேதனையில் நான் ஒரு பாவம் செய்தேன். என் ஓரகத்தி நஞ்சம்மாளுக்கு, என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு, கல்யாணமாகி ஒன்பது வருஷமாகப் பிள்ளை இல்லை. தங்காயி பிறந்த நாளிலிருந்து அவள்தான் தூக்கி வைத்திருந்தாள். பிள்ளைக்குக் கால் வரவில்லை என்று தெரிந்த அன்று, ஊரே கேட்க, "நீ பாத்த பார்வைலதான்டி எம் புள்ள கால் போச்சு" என்று சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையை என் மடியில் இறக்கிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பிள்ளையைத் தொடவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. இரண்டு வருஷம் ஒரே வாசலில் கோலம் போட்டோம், பேசாமல்.

இப்போது மேட்டுப்பாறைக்கு வருகிறேன். ஒவ்வொருவராகப் பாறையில் ஏறி நின்று பார்த்து இறங்கினார்கள். முகம் அடையாளம் தெரிகிற தூரம்தான். என் முறை வந்தபோது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். தண்ணீருக்குள் பெரியதம்பி மாமா சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோவிந்தி அத்தை மீன் அலசிக்கொண்டிருந்தார். சென்றாயன் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் இருந்தார், கொழுந்தன் இருந்தார், நஞ்சம்மாள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் மகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மகள் அவள் மடியிலிருந்து இறங்கினாள், நின்றாள், கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு அடி வைத்தாள். அவள் நடந்து போன பக்கம் யாரும் இல்லை. வெறும் மணல்.

நான் எங்கே என்று தேடினேன். குடிசைக்குப் பின்னால் பார்த்தேன், மரத்தடியில் பார்த்தேன், அடுப்படியில் பார்த்தேன். என் சேலை கொடியில் காய்ந்தது. எங்கள் பரிசல் கவிழ்ந்து கிடந்தது. எல்லோரும் இருந்தார்கள், நான் மட்டும் இல்லை. குடிசைமேல் வேய்ந்த தழை காய்ந்து பழுப்பேறியிருந்தது, அப்படியென்றால் தங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். அந்த ஒரு மாதத்துக்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று புரிந்தது. பிள்ளை கை நீட்டிக்கொண்டு நடந்தது என்னைத் தேடித்தான் என்றும் புரிந்தது. இடுப்பிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதே நேரத்தில் என் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஏறியது, அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னாலும் பிறகும் அறியேன். என் பிள்ளை நடந்தாள்.

கீழே இறங்கினேன். என் துடுப்பைக் கிடத்தினேன். கையெடுத்து நிமிர்ந்தபோது எட்டுத் துடுப்பும் வரிசையாகக் கிடந்தன, மற்ற ஏழு பேர் முகமும் வெளிறிக்கிடந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே குடிசை போட ஆரம்பித்தோம். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒருவர் பாறைமேல் நின்றுகொண்டு, "இன்னும் நாலடி மேக்கால", "தண்ணில அந்தக் கம்பு சாஞ்சிருக்கு, சாச்சு நடு" என்று சத்தம் கொடுக்க, மற்றவர்கள் கரையில் தண்ணீருக்கு ஏற்றபடி நட்டார்கள். தண்ணீரில் ஒரு பானை வாய் உடைந்திருந்தது. நல்ல பானையைப் போய் எப்படி உடைப்பது என்று கோவிந்தி அத்தை மறுத்துவிட்டார், ஐந்தாம் நாள் அதுவே உடைந்தது. பாறையிலிருந்து பார்த்தால்தான் அந்தக் காட்சி. கரையில் குனிந்து முகம் கழுவினால் மற்ற ஏரி மாதிரி நம் முகம்தான் தெரியும். அதனால் பாறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது, காலையில் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கணிக்கிற மாதிரி எங்களுக்குப் பழகிப்போனது. ஒரு வாரம் கழித்து அனுமதிச் சீட்டைப் பார்க்க வந்த வனக்காவலர்கூட பாறையில் நின்று பார்த்துவிட்டு, "கருவாடு தண்ணிக்குள்ள நெறையக் காயுதே, எனக்கு ரெண்டு கெளுத்தி எடுத்து வைய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார். மீனும் சும்மா சொல்லக்கூடாது. விராலும் கெண்டையும் ஆராலும் வலை கொள்ளாமல் ஏறின. கொடியில் கருவாடு நாளுக்கு நாள் தண்ணீரிலிருந்த அளவை எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. பாறைக்கு எல்லோரும் தனியாகத்தான் போனார்கள். ஒருவர் இறங்கிவந்த பிறகுதான் அடுத்தவர் ஏறினார். இறங்கி வருகிறவர்கள் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

என் கண் எப்போதும் குடிசைத் தழைமேல்தான் இருந்தது. அது பச்சையாக இருந்தபோது எனக்குத் தைரியம் இருந்தது. பத்து நாளில் ஓரம் வாடத் தொடங்கியதும் விரல்விட்டு நாளை எண்ண ஆரம்பித்தேன். பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைத் தண்ணீரே காட்டிவிட்டது. ஆனால் அவள் மடியில் பிள்ளை உட்கார வேண்டுமென்றால் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு நான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். சாவதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

ஒரு மதியம் நஞ்சம்மாள் வலையில் சிக்கிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்றேன்.

"குட்டிய கொஞ்ச நேரம் வெச்சுக்கறியா?"

அவள் கையை எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. "வேணாங்க்கா. எம் பார்வை பட்டுடும்" என்றாள்.

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிக்கொண்டு சொன்னாள். இரண்டு வருஷமாக அவள் அதை நம்பிக்கொண்டே படுத்து எழுந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் சொன்னது பொய்யி. என் ஆத்தாமைக்கு யாரையாச்சும் அடிக்கணும்னு இருந்துச்சு. நீதான் பக்கத்துல இருந்த. என்ன மன்னிச்சுடு புள்ள."

அவள் வெகுநேரம் முள்ளையே எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு நேரே இரண்டு கையையும் நீட்டினாள். தங்காயி கொஞ்சமும் யோசிக்காமல் தாவிக்கொண்டு போனாள். எனக்குப் பொறாமை வந்தது, சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு தினமும் பிள்ளையின் சங்கதி ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். களியை உருட்டிக் கொடுத்தால் துப்புவாள், தட்டையாகத் தட்டி வெல்லம் வைத்துக் கொடுத்தால் தின்பாள். இடதுபக்கம் படுக்கவைத்தால்தான் தூங்குவாள். இடி இடித்தால் காதைப் பொத்த வேண்டும். நஞ்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முகம் சோர்ந்து, "எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்" என்பாள். எனக்குச் சுரீரென்று கோபம் வரும். பிள்ளையை வளர்க்க மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அவளோ பதிலுக்கு, அவள் ஊர்ப்பக்கத்து வைத்தியம் ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்: உச்சிவெயிலில் மணலைக் குழித்து, பிள்ளையின் காலை முட்டிவரைக்கும் சூடான மணலில் புதைத்து, அவள் உதறி உதறி வெளியே எடுக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. அவளே தினமும் செய்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும், "நல்லாப் பாத்துக்கக்கா, பின்னால நீதான் செய்யணும்" என்றாள். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

மற்றவர்களும் மாறிப்போனார்கள். பெரியதம்பி மாமாவும் சென்றாயன் அண்ணனும் மாமன் மச்சான் முறை. பதினைந்து வருஷமாக ஒரு டார்ச் லைட்டுக்காக முறைத்துக்கொண்டிருந்தவர்கள். ஒருநாள் மாமா அந்த டார்ச்சையும், அதோடு தன் ரேடியோவையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்க மச்சான்."

"எனக்கு எதுக்கு இனிமே? நீங்களே வெச்சுக்கங்க."

"குடுத்தா வாங்கிக்கடா."

"வெச்சு நான் என்னா பண்ணப்போறேன்? என் பரிசல வேணா நீங்க எடுத்துக்கங்க, போன வருசம்தான் தார் பூசுனது."

இருவரும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதில் சண்டை போட்டு, கடைசியில் ரேடியோ இரண்டு குடிசைக்கும் நடுவில் மணலிலேயே பாடிக்கொண்டிருந்தது. தன் பரிசலை என்னைத் தொடவே விடாத என் வீட்டுக்காரர், என்னை உட்காரவைத்து, தாரை எந்தப் பதத்தில் காய்ச்சுவது, எந்த மூங்கில் பட்டை முதலில் இற்றுப்போகும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சாகப்போகிறவளுக்கு எதற்குத் தார்ப் பதம் என்று நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். அவர் கண்ணில் நீர் நிறைந்ததைத் தார்ப்புகை என்று எடுத்துக்கொண்டேன். கோவிந்தி அத்தை தன் மூக்குத்தியைக் கழற்றி சென்றாயன் அண்ணன் பெண்டாட்டிக்குக் கொடுக்க, அவர் அதைத் திருப்பிக் கொடுக்க, இப்படி அந்தக் கரையில் எல்லோர் கையிலும் கொடுப்பதற்கு ஏதோ இருந்தது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. யாரும் யாரையும் சுடுசொல் சொல்லவில்லை. சோற்றுப்பானையில் கடைசி அகப்பை எப்போதும் மிச்சம் இருந்தது. நான் அதையெல்லாம் பார்த்து, நான் போன பிறகும் இவர்கள் இப்படியே இருந்தால் என் பிள்ளைக்குக் குறையில்லை என்று நிம்மதிப்பட்டுக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் எழுந்து பார்த்தேன், தழை தண்ணீரில் இருந்த அதே பழுப்பு. கொடியில் கருவாடு தண்ணீரில் இருந்த அதே வரிசை. பெரியதம்பி மாமா சிவப்புத் துண்டைத் துவைத்துத் தலையில் கட்டியிருந்தார். அன்று யாரும் பரிசலைத் தூக்கவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை. ஆண்கள் நான்கு பேரும் முகச்சவரம் செய்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் தலைக்குக் குளித்து, பெட்டியின் அடியில் இருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தோம். காட்டுக்குள், யானைக்கும் கரடிக்கும் நடுவில், கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி எட்டுப் பேர் நின்றோம். நான் என் பழைய சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

பொழுது ஏறியது. மாமா வெற்றிலை மடித்தார். அத்தை மீன் அலசினார். நஞ்சம்மாள் கால் நீட்டி உட்கார, நான் பிள்ளையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் மடியில் வைத்தேன். என் உயிர் பிரிவதைப் பிள்ளை பார்க்கக்கூடாது என்று, அவர்களிடமிருந்து விலகி விலகி, யாரும் இல்லாத வெறும் மணலாகப் பார்த்துப் போய் நின்றேன். வலி வரும் என்று காத்திருந்தேன். பாம்பு வரும் என்று காலடியைப் பார்த்தேன். தண்ணீர் துளியும் அசையவில்லை.

தங்காயி நஞ்சம்மாளின் மடியிலிருந்து இறங்கினாள். மணலைக் கையால் ஊன்றினாள். எழுந்தாள். தள்ளாடினாள். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள், இன்னொன்று, ஐந்து, ஏழு. அவள் நேரே என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். யாரும் இல்லாத அந்த வெறும் மணலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா" என்றாள்.

எனக்கு உயிர் இருந்தது. நான் மடங்கி உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நிமிர்ந்தபோது நஞ்சம்மாள் தன் கையையும் காலையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவை தன்னுடையவைதானா என்பதுபோல. அவள்தான் எங்கள் கட்டுப்பாட்டை முதலில் உடைத்தாள்.

"தண்ணில நீ அங்கதாங்க்கா நின்னுட்டிருந்த. இப்பிடியேதான் உக்காந்து அழுத."

"என்னப் பாத்தியா?"

"உன்னப் பாத்தேன். எல்லாரையும் பாத்தேன். புள்ள ஒண்ணுமில்லாத எடத்துல இருந்து எறங்கி வந்துச்சு. நான்தான் இல்ல."

பெரியதம்பி மாமா மடித்த வெற்றிலை கையிலிருந்து விழுந்தது. "நான் இல்லேன்னுதான நெனச்சேன்" என்றார் மெல்ல. சென்றாயன் அண்ணன் அதை எடுத்து மணலைத் தட்டி அவர் கையிலேயே வைத்தார். என் வீட்டுக்காரர் முகத்தை மூடிக்கொண்டார். ஒருவர்பின் ஒருவராக எட்டுப் பேர் முகத்திலும் அது விடிந்தது: பார்க்கிறவரைத் தவிர எல்லோரையும் காட்டியிருக்கிறது அந்தத் தண்ணீர். தன் சாவு என்று தெரிந்தே எட்டுப் பேரும் இந்தக் கரைக்குச் சம்மதித்திருக்கிறோம், மிச்ச ஏழு பேரும் கொடி நிறையக் கருவாடோடு நன்றாக இருந்ததைப் பார்த்துவிட்டு. நான் அந்த மனிதர்களைச் சாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

நான் நஞ்சம்மாளைக் கேட்டேன். "நான் உன்ன அந்தப் பேச்சுப் பேசியிருந்தேன். நீ இல்லேன்னு தெரிஞ்சும் எதுக்குடி சரின்னு சொன்ன?"

"புள்ள நடந்துச்சேக்கா" என்றாள் அவள், வேறு என்ன காரணம் வேண்டும் என்பதுபோல.

அதற்குள் தங்காயி என் கையை உதறிவிட்டு, சேலையைப் பிடித்து எழுந்து, திரும்பி, மணலில் தன் காலடி விழுந்திருப்பதை ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டிக்கொண்டு நஞ்சம்மாளைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அதைத் தண்ணீர் எங்கள் ஒருவருக்கும் காட்டியிருக்கவில்லை.